கஸ்பாவும் குண்டுவீச்சும்

லண்டனின் பங்க் றொக் குழுவான 'கிளாஷ்' 1982 மே மாதத்தில் 'கொம்பட் றொக்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதிலுள்ள 'றொக் த கஸ்பா' பாடலை, முல்லாக்களுக்கு எதிரான துணிச்சற் குரல் என்று எமது நவீன விமர்சகர்கள் சிலர் மெச்சுகிறார்கள். எதிர்த்தரப்பாரோ 'இசையே ஹராம், இதில் ஆராய என்ன இருக்கிறது' என்று எழுந்து போய்விடுகிறார்கள். இரு சாராரும் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

பாட்டின் கதை இதுதான். பாலைவன மன்னனொருவன் இசையைத் தடுக்கிறான், குடிகள் பணியவில்லை. அவர்கள் மீது குண்டு போட விமானங்களை ஏவுகிறான். விமானிகளோ கட்டளையை மீறி வானொலிப் பாட்டைத் திருப்பிவிடுகிறார்கள். 1979 இல் ஈரானிய வானொலியில் இசைக்கு விழுந்த தடை இதற்கொரு தூண்டல். ஆனால் பாட்டில் ஈரான் எங்கே இருக்கிறது? ஷரீப், முஅத்தின், நாடோடி அரபிகள், போதாக்குறைக்கு இந்திய ராகம், எல்லாம் ஒரே சட்டியில்! எழுதிய ஜோ ஸ்ட்ரமர் துருக்கியின் அங்காராவில் பிறந்த இராஜதந்திரி மகன். அவர் ஓர் ஊரைப் பாடவில்லை, ஒரு வேடத்தைப் பாடினார். (மெட்டமைத்த டொப்பர் ஹெடன், தட்டு வெளிவந்த வேளையிலேயே போதைப் பழக்கத்தால் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். மெச்சுவோர் அவர் பெயரையே சொல்வதில்லை.)

வேடத்தை எவரும் அணியலாம். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க இராணுவ வானொலி தன் படையினருக்கு இப்பாட்டை ஒலிபரப்பியது. குண்டு போட மறுத்த விமானிகளின் பாட்டு, குண்டு போடப் போனவர்களுக்கு உற்சாகமாயிற்று! 'அது பாட்டின் பிழையா?' என்பார்கள். பாதிப் பிழை பாட்டினுடையதே என்பேன். அதிலுள்ள அரபிக்கு ஒரு முகம் இருந்திருந்தால் அது இத்தனை இலகுவில் களவு போயிராது.

சான்று அதே இசைத்தட்டில் உண்டு. 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டில் இங்கிலாந்தில் புகலிடம் மறுக்கப்படும் குடியேறிகள் வருகிறார்கள். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய் விட்டுச்சென்ற பிள்ளை, தன்னையும் கூட்டிப்போகும்படி தகப்பனைக் கெஞ்சுகிறது. இதை எந்தப் படை தன் பாசறையில் போடும்? ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட மாயா அருள்பிரகாசம் 2007 இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலுக்கு எடுத்தாண்டதும் இதன் இசையைத்தான்.

கஸ்பாவுக்கு ஒரு முகம் கிடைக்க 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அல்ஜீரியரான றஷீத் தாஹா அதை அரபியில் பாடினார். மெச்சுகின்ற நண்பர்கள் அதையும் தேடிக் கேட்டுவிட்டு வரட்டும், பிறகு விவாதிப்போம்.