ஷட்டர் இறங்கினால் யாருக்கு நட்டம்?

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். பல ஊர்களில் கிளை வைத்திருந்த நிறுவனம். ஒரு நாள் இரவு ஷட்டர் இறங்கியது, மறுநாள் காலை ஏறவில்லை. அடுத்த வாரம் பெயர்ப் பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதை அந்தப் பகுதியில் இரண்டு விதமாகப் பேசினார்கள். தொழிற்சங்கத் தோழர்கள் சிலர், "கார்ப்பரேட் கடை போச்சு, இனி அண்ணாச்சி கடை பிழைக்கும்" என்றார்கள். மனை வாங்கிப் போட்டவர்கள், "ஏரியாவுக்கு மதிப்பு குறைஞ்சிடுச்சு" என்று வருத்தப்பட்டார்கள். நாங்கள் மாலை வகுப்பு எடுக்கும் காலனியில் ஓர் அக்கா சொன்னது வேறு. "அங்க போனா எந்தத் தெருன்னு யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. கூடைய எடுத்துக்கிட்டு நானே போய் எடுப்பேன். பிடிக்கலைன்னா திருப்பி வெச்சிடுவேன்."

அந்த அக்கா சொன்னதைத்தான் நாம் பேச வேண்டும். ஏனென்றால் கடை மூடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற கேள்வி அதில் இருக்கிறது. ஒரு கடைக்குள் யார், எப்படி நுழைய முடிகிறது?

நுழைவது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் சில உண்மைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006-இல் கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் கிராமப்புறத் தீண்டாமை பற்றிய ஓர் ஆய்வை நூலாக வெளியிட்டார்கள். 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்த ஆய்வு அது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான கிராமங்களில் தலித்துகள் கடைக்குள் நுழைய முடியவில்லை. தள்ளி நிற்க வேண்டும், சரக்கைத் தரையில் வைப்பார்கள், காசையும் தரையில் வைக்க வேண்டும். அது வடக்கே நடப்பது என்று தமிழ்நாட்டில் யாரும் நிம்மதி அடைய முடியாது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் 'ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குத் தர மாட்டோம்' என்று கடைக்காரர் சொன்ன காணொளியை நாடே பார்த்தது. அது வெளியே வந்ததால் கைது நடந்தது. காணொளி இல்லாமல் நடப்பவை எத்தனை?

கடையை மூடுவது பழைய ஆயுதம். 1928-இல் பம்பாய் மாகாண அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் அண்ணல் அம்பேத்கரும் ஓர் உறுப்பினர். உரிமை கேட்கிற தீண்டப்படாதோரை ஆதிக்கச் சாதியினர் எப்படிப் பணிய வைக்கிறார்கள் என்பதை அந்தக் குழு தன் அறிக்கையில் பதிவு செய்தது. நிலத்திலிருந்து விரட்டுவது, வேலையை நிறுத்துவது, அத்தோடு ஊர்க் கடைக்காரரிடம் சொல்லி அத்தியாவசியப் பொருள்களைக் கொடுக்கவிடாமல் செய்வது. அடி விழாது, ரத்தம் வராது, ஆனால் நான்கு நாளில் அடுப்பு அணைந்துவிடும்.

அதனால்தான் நம் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலைக் 'கடைகள்' என்ற சொல்லில் தொடங்குகிறது. உணவகமும் கிணறும் குளமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி எழுந்தது. கடைக்குள் நுழைய விடுவது என்ற குறுகிய பொருளில் அதைப் பயன்படுத்தவில்லை, உரிய விலையைத் தரத் தயாராக இருப்பவருக்குச் சேவை கிடைத்தே ஆக வேண்டும் என்ற விரிந்த பொருளில்தான் பயன்படுத்தியிருக்கிறோம் என்று விளக்கினார் அம்பேத்கர். வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, கொடுக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அப்படியானால் சூப்பர் மார்க்கெட் நமக்கு விடுதலை தந்ததா? இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம்.

விலை அச்சிட்ட பொருள், நாமே எடுக்கும் அலமாரி, பெயர் கேட்காத கவுன்டர் எல்லாம் ஒரு மரியாதையைத் தந்தது உண்மை. ஆனால் அந்த நிறுவனம் சாதியை எதிர்த்து அப்படிச் செய்யவில்லை. ஆள் செலவைக் குறைக்க அப்படிச் செய்தது. கணக்கு ஒத்துவரும்வரை கதவு திறந்திருக்கும். கணக்கு மாறினால் நம்மைக் கேட்காமல் மூடப்படும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 1997-இல் சென்னை திருவான்மியூரில் தொடங்கியது சுபிக்ஷா. குளிர்சாதனம் கிடையாது, ஆடம்பரம் கிடையாது, குடியிருப்புத் தெருவிலேயே சின்னக் கடை, அச்சிட்ட விலையைவிடக் குறைவு. கீழ்நடுத்தரக் குடும்பங்கள் மளிகைப் பட்டியலோடு போய் நின்ற கடை அது. பத்தாண்டுகளில் நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகளாகப் பெருகியது. கடனை நம்பி வளர்ந்த நிறுவனம், 2008-இன் உலக நிதி நெருக்கடியில் புதுப் பணம் கிடைக்காமல் திணறியது. 2009 தொடக்கத்தில் கடைகள் வரிசையாக மூடப்பட்டன. ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. காவலுக்கு ஆள் இல்லாமல் சில கடைகளில் இருந்த பொருளும் பறிபோனது. வளமை என்று பெயர் வைத்த கடையில் வேலை பார்த்தவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். 2022-இல் ஃபியூச்சர் குழுமத்தின் பிக் பஜார் கடைகள் கடனில் மூழ்கியபோதும் இதே கதைதான். குத்தகைக் கையெழுத்து யாரிடம் இருக்கிறது என்று இரண்டு பெரு நிறுவனங்கள் மோதிக்கொண்டன. கடைக்கு வந்து போனவர்களுக்கு அந்தச் சண்டையில் இடமே இல்லை.

இப்போது ஓசூருக்குத் திரும்புவோம். 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் வந்தன. அண்மை ஆண்டுகளில் தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி பக்கம்வரை புதிய ஆலைகள் எழுந்திருக்கின்றன. வேலைக்கு வந்த மக்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் பட்டியலினச் சாதிகளின் காலனிகள் அந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் நிற்கின்றன. கடை வருவது மெயின் ரோட்டுக்கு, காலனிக்கு அல்ல. மெயின் ரோட்டுக் கடையும் போனால் என்ன ஆகிறது?

முதலில், ஒப்பந்தத் தொழிலாளி மீண்டும் கடன் நோட்டுக்குப் போகிறார். சம்பளம் தேதி தள்ளி வரும் வீட்டுக்கு அந்த நோட்டு உயிர் காப்பதுதான், மறுக்கவில்லை. சூப்பர் மார்க்கெட் ஒரு நாளும் கடன் தந்ததில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு கடன் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்கிறார். நோட்டில் பாக்கி இருக்கும்போது எடை குறைந்தாலும் கேட்க முடியாது, விலை கூடினாலும் கேட்க முடியாது. நாளை திருவிழாவிலோ சுடுகாட்டுப் பாதையிலோ ஒரு பிரச்சினை வந்து, கடைக்காரர் எதிர்த் தரப்பின் உறவினராக இருந்தால் வாயைத் திறக்கவும் முடியாது. எல்லாக் கடைக்காரரும் அப்படி என்று சொல்லவில்லை. நம் சோறு ஒரு தனி மனிதரின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது என்கிறோம்.

அடுத்து, வேலை. அந்தக் கடையில் பில் போட்டதும் மூட்டை இறக்கியதும் அலமாரி அடுக்கியதும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். பிளஸ் டூ முடித்துவிட்டு, ஷிப்ட் வேலைக்கு வீட்டில் அனுப்பாத பெண் பிள்ளைகளுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரே சம்பளம் அது. மூடிய மறுநாள் அவர்களுக்காக யாரும் கொடி பிடிக்கவில்லை.

ஆகவே 'கார்ப்பரேட் ஒழிந்தது' என்ற மகிழ்ச்சியும் வேண்டாம், 'கார்ப்பரேட் திரும்ப வரட்டும்' என்ற ஏக்கமும் வேண்டாம். நமக்கு வேண்டியது நட்டக் கணக்குப் பார்த்து ஓடிவிடாத கடை, அதே நேரம் சாதிக் கணக்கும் பார்க்காத கடை. அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ரேஷன் கடை. தமிழ்நாட்டில் அது எல்லாக் குடும்ப அட்டைதாரர்களுக்கும் பொதுவானது. அரிசி விலையில்லாமல் வருகிறது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். லாபம் இல்லை என்று அதை மூட முடியாது. கூட்டுறவுக் கடையும் நமக்குப் புதிதல்ல. சென்னை திருவல்லிக்கேணியில் 1904-லேயே நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய மாநிலம் இது. கேள்வி, அந்தக் கடை எங்கே இருக்கிறது, என்னென்ன வைத்திருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பதே.

மாணவத் தோழர்களிடம் சில வேலைகளைக் கேட்கிறோம்.

உங்கள் காலனியிலிருந்து ரேஷன் கடைக்கு எத்தனை நிமிட நடை, யாருடைய தெரு வழியாக, எத்தனை நாள் திறந்திருக்கிறது என்று எழுதி எடுங்கள். தொலைவாக இருந்தால் காலனிக்குள்ளேயே பகுதிநேர ரேஷன் கடை கேட்டு, கிராம சபையிலும் ஆட்சியரின் திங்கட்கிழமை மனு நாளிலும் மனு கொடுங்கள். சோப்பும் மிளகாய்த் தூளும் விற்கும் கூட்டுறவு அங்காடியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பொருள் தர மறுத்தால் அது குற்றம். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 6-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் தண்டனைக்குரியவை. தேதி, நேரம், சொன்ன சொல் மூன்றையும் குறித்து வையுங்கள்.

கடை மூடி வேலை இழந்தவர்களைத் தேடிப் போங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. இது அவர்களில் பலருக்குத் தெரியாது.

கடைசியாக, நம் ஆள்கள் கடை வைக்க வேண்டும். காலனிக்குள் பெட்டிக் கடை வைப்பதோடு நிற்காமல் மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் இருக்கிறது. மானியம் வாங்கியவரும் முதலில் முட்டி நிற்பது வாடகைக்கு இடம் கேட்கும் இடத்தில்தான். சாதி தெரிந்ததும் 'ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு' என்கிறார்கள். அதனால் மாநகராட்சிக்குச் சொந்தமான கடைகளில் நம் பங்கு எவ்வளவு, அது யார் பெயரில் யார் கையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அந்தச் சூப்பர் மார்க்கெட் ஷட்டர்மேல் இப்போது 'வாடகைக்கு' என்று எழுதி ஒரு தொலைபேசி எண் போட்டிருக்கிறது. எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். கூப்பிட்டுக் கேட்கப் போகிறோம்.

ஜெய் பீம்.