தாய்மார் உயிருக்கு ஏலமா?

அமெரிக்காவில் "மார்ச் ஆஃப் டைம்ஸ்" என்கின்ற தர்ம ஸ்தாபனம் ஒன்று இருந்து வருகின்றது. பிரசவத்தில் தாய்மார் சாகாமலும், குறைமாதத்தில் பிள்ளை பிறக்காமலும், பிறந்த சிசு மடியாமலும் இருக்கும்படி பாடுபடுவதே அதன் வேலையாகும். இதற்குப் பணம் சேர்க்க அந்த ஸ்தாபனத்தார் பல ஊர்களில் "சிக்னேச்சர் செஃப்ஸ்" என்னும் பெயரால் ஒரு மாலை விருந்து நடத்துகின்றார்கள். ஊரில் பேர்பெற்ற சமையல் நிபுணர்கள் வரிசையாக மேஜை போட்டு நின்று தங்கள் கைப்பக்குவத்தைக் காட்டுவார்கள். சீமான்களும் சீமாட்டிகளும் டிக்கட் வாங்கிக்கொண்டு வந்து மேஜைக்கு மேஜை ருசி பார்ப்பார்கள். வயிறு நிறைந்ததும் ஏலம் தொடங்கும். உல்லாசப் பிரயாணம், உயர்ந்த ஒயின், பெரிய சமையற்காரர் வீட்டுக்கே வந்து சமைத்துப் போடும் விருந்து என்பது போன்றவைகள் இவ்வித ஏலங்களில் வழக்கமாகக் கூறப்படும் சாமான்கள். இவை தீர்ந்த பிறகு சாமானே இல்லாத ஓர் ஏலமும் உண்டு. அதாவது, "தாய்க்கும் சேய்க்குமாக நான் இவ்வளவு தருகின்றேன்" என்று கையிலுள்ள எண் அட்டையை உயர்த்திக் காட்ட வேண்டியது. சபையார் கைதட்ட வேண்டியது.

"இதில் என்ன குற்றம் கண்டீர்கள்? பணக்காரன் பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகின்றது?" என்று சிலர் கேட்கலாம். பணம் கொடுப்பதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. கல்லுக்கு அபிஷேகம் செய்வதிலும், நெருப்பில் நெய்யைக் கொட்டுவதிலும் பாழாகும் பணத்தைவிட, ஒரு சிசுவுக்கு மருந்தாகப் போய்ச் சேரும் பணம் ஆயிரம் மடங்கு மேலானது என்பதில் நமக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தாய் பிழைப்பதும் சாவதும் சீமான்களின் நாக்கு ருசியையும் ஏலங்கூறுபவரின் வாய்ச் சாமர்த்தியத்தையும் பொறுத்த சங்கதியாக ஏன் இருக்க வேண்டும் என்பதே நமது கேள்வி.

உலகத்திலேயே பணமும் வைத்தியமும் மலிந்த நாடு அமெரிக்கா என்பதை யாரும் மறுக்க முடியாது. அப்படிப்பட்ட நாட்டில் 2023ம் வருஷத்தில் மாத்திரம் 669 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் செத்திருக்கின்றார்கள் என்று அந்நாட்டுச் சர்க்கார் கணக்கே சொல்லுகின்றது. அதாவது, லட்சம் பிரசவத்துக்கு 18.6 சாவு. செல்வத்தில் சிறந்த நாடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், பிரசவச் சாவில் முதல் தாம்பூலம் அமெரிக்காவுக்கே கொடுக்க வேண்டியதாயிருக்கின்றது. 2022ல் ஒரு வயது நிறையாமல் மாண்ட குழந்தைகள் 20,000க்கு மேல். இவற்றையெல்லாம் "தலைவிதி" என்றும் "ஆண்டவன் சித்தம்" என்றும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? 2017 முதல் 2019 வரை நேர்ந்த சாவுகளை ஒவ்வொன்றாய் எடுத்து விசாரித்த மாகாணக் குழுக்கள், 100க்கு 80க்கு மேற்பட்டவை தடுத்திருக்கக் கூடியவைகளே என்று தீர்ப்புச் சொல்லி இருக்கின்றன. ஆகவே, ஆண்டவன் பேரில் பழி போட இடமில்லை, பழி மனிதனுடையதேயாகும்.

அந்தச் சாவிலும் ஜாதி பார்க்கப்படுகின்றது. அதே 2023ல் லட்சம் பிரசவத்துக்கு வெள்ளைக்காரப் பெண்கள் 14.5 பேரும், கருப்பு இனப் பெண்கள் 50.3 பேரும் செத்திருக்கின்றார்கள். ஒன்றுக்கு மூன்றுக்கும் மேல்! பிறவியில் உயர்வு தாழ்வு வைத்த சமூகம், பிள்ளைப் பேற்றிலும் அந்தக் கணக்கைக் கைவிடவில்லை. இந்த வித்தியாசத்தை எந்த ஏலத்தில் கூறி எடுப்பது? ஆஸ்பத்திரியில் "வலிக்கின்றது" என்று ஒருத்தி சொன்னால், அவள் தோலின் நிறத்தைப் பார்த்துக் காது கொடுக்கும் புத்தி இருக்கும் வரையில், அட்டை தூக்குவதால் மாத்திரம் அது மாறிவிடுமா?

நிற்க, இந்த ஸ்தாபனத்தின் பூர்வ சரித்திரத்தையே பார்ப்போம். இளம்பிள்ளை வாதத்தால் 1921ல் கால் விளங்காமற்போன ரூஸ்வெல்ட், ஜனாதிபதியாயிருந்த காலத்தில், 1938ல், இதை ஏற்படுத்தினார். அப்போது எடி கேன்டர் என்ற நடிகர் ரேடியோவில் பேசி, ஜனங்கள் ஆளுக்கொரு "டைம்", அதாவது 10 சென்டுக் காசு, வெள்ளை மாளிகைக்கு அனுப்பும்படி கேட்டார். லட்சக்கணக்கில் காசுகள் வந்து குவிந்தன. ஸ்தாபனத்தின் பேரே அந்தக் காசினால் வந்தது. ஏழை எளியவர் காசையும் சேர்த்துத்தான் டாக்டர் ஜோனாஸ் சால்க் என்பவருடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். 1954ல் சுமார் 18 லட்சம் பிள்ளைகளைக் கொண்டு தடுப்பு மருந்து பரிசோதிக்கப்பட்டது. 1955 ஏப்ரல் 12ந் தேதி அது பலிக்கும் என்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. எந்தச் சாமி வரம் கொடுத்து அந்த வாதம் ஒழிந்தது? பகுத்தறிவும் பலருடைய காசும் சேர்ந்து ஒழித்தன. அப்போதும்கூட ரூஸ்வெல்ட்டுக்குப் பிரியமான வார்ம் ஸ்பிரிங்ஸ் சிகிச்சை நிலையத்தில் கருப்பு இனப் பிள்ளைகளுக்கு இடமில்லாததால், 1941ல் டஸ்கிகீயில் அவர்களுக்கென்று தனி நிலையம் கட்ட வேண்டி இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வாதத்தை வென்ற பிறகு, 1958ல், இந்த ஸ்தாபனம் பிறவிக் கோளாறுகளின் பக்கம் திரும்பிற்று. அதிலும் பெருவெற்றி எதனால் வந்தது? கர்ப்பந் தரிக்கும் காலத்தில் ஃபோலிக் ஆசிட் என்னும் சத்துக் குறைந்தால், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரிவர அமையாமற்போகும் என்று வைத்திய நூலார் கண்டுபிடித்தார்கள். ஸ்தாபனமும் மற்றவர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1998 முதல், சத்தூட்டிய மாவு, ரொட்டி முதலியவற்றில் அச்சத்தைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்று சர்க்கார் விதி செய்தது. அதனால் ஆண்டுக்குச் சுமார் 1,300 குழந்தைகள் அக்கோளாறு இல்லாமல் பிறப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கின்றது. இதில் ஏலம் எங்கே? கைதட்டல் எங்கே? ரொட்டி தின்கின்ற ஏழைப் பெண் யாரையும் கும்பிடவும் இல்லை. யாருக்கும் நன்றி சொல்லவும் இல்லை. உரிமையாக வருவதற்கும் பிச்சையாக வருவதற்கும் உள்ள பேதம் இதுதான்.

"சர்க்கார் இதையெல்லாம் செய்ய முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கச் சரித்திரமே பதில் சொல்லும். 1920ல் அந்நாடு முழுவதிலும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. ஓட்டுக்குப் பயந்த சட்டசபையார் மறு வருஷமே, 1921ல், தாய் சேய் பாதுகாப்புக்காக ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் என்பதை நிறைவேற்றினார்கள். மாகாணங்களுக்குப் பணம் போயிற்று. சுமார் 3,000 கர்ப்பிணி நிலையங்கள் தோன்றின. நர்சுகள் வீடு வீடாய்ப் போனார்கள். வைத்தியர் சங்கத்தார் தங்கள் வரும்படிக்கு ஆபத்து என்று நினைத்தோ என்னவோ இதை எதிர்த்தார்கள். இது போல்ஷ்விக் சூழ்ச்சி என்றுகூடச் சிலர் கூக்குரலிட்டார்கள். பெண்கள் ஒரே கட்டாய் ஓட்டுப் போடுவதில்லை என்று தெரிந்ததும் பயம் தெளிந்து, 1929ல் அச்சட்டத்தைச் சாகவிட்டார்கள். பிறகு உலக யுத்தம் வந்தது. சிப்பாய்கள் வேண்டியிருந்தது. உடனே 1943 முதல், கீழ்ச் சம்பளச் சிப்பாய்களின் மனைவிமார்க்குப் பிரசவச் செலவும், குழந்தைக்கு ஒரு வருஷ வைத்தியமும் சர்க்கார் பொறுப்பாயின. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தாய்மார் பலனடைந்தார்கள். ஏழ்மைக்கு அத்தாட்சி கேட்கவில்லை, விருந்தும் போடவில்லை. யுத்தம் தீர்ந்தது, 1949ல் திட்டமும் தீர்ந்தது. சண்டைக்கு ஆள் வேண்டிய போது தாய்க்குப் பணம் இருந்தது. தாய்க்காகவே கேட்டால் பணம் இல்லை! இதற்கு என்ன பெயர் வைப்பது?

இன்னும் கேளுங்கள். ஏலத்தில் எடுத்த சாமானுக்குச் சந்தை விலைக்குமேல் எவ்வளவு கொடுத்தாரோ, அவ்வளவையும் தர்மம் என்று எழுதி வருமானவரிக் கணக்கில் கழித்துக் காட்டச் சீமானுக்குச் சட்டம் வழி செய்திருக்கின்றது. அதாவது, சீமான் தர்மத்தில் ஒரு பங்கைப் பொதுஜனங்களின் பொக்கிஷமே தாங்குகின்றது. புகழ் மாத்திரம் அவருக்கு. ஆனால் ஹோட்டல்களில் தட்டு எடுத்துப் பரிமாறும் பெண்ணின் கதி என்ன? இனாம் வாங்கும் தொழிலாளிக்கு மத்திய சர்க்கார் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்டு. 1991 முதல் அது ஒரு சென்டுகூட ஏறவில்லை. பல மாகாணங்கள் அதைவிட அதிகம் வைத்திருக்கின்றன. அவள் கர்ப்பமானால், 1993ம் வருஷச் சட்டம் 12 வாரம் லீவு கொடுக்கும். ஆனால் சம்பளமில்லாத லீவு! அதுவும் 50 பேருக்குக் குறைந்த ஸ்தலத்தில் வேலை செய்தால் அந்த லீவும் இல்லை. குறைமாதப் பிள்ளையைக் காப்பாற்ற நடக்கும் விருந்தில், நிறைமாதம் வரையில் நின்று கொண்டே பரிமாற வேண்டியவள் அவள் என்றால், இந்தத் தர்மத்தின் யோக்கியதையை வாசகர்களே அறிந்து கொள்ளலாம்.

"அப்படியானால் சர்க்கார் கண் விழிக்கும் வரையில் குழந்தைகள் சாகட்டும் என்கின்றீரா?" என்று கேட்பார்கள். இல்லை. கொடுப்பவர் கொடுக்கட்டும், இரட்டிப்பாய்க் கொடுக்கட்டும். ஆனால் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதைத்தான் நாம் கண்டிக்கின்றோம். அந்த ஸ்தாபனத்தாரே இதை உணராமலில்லை. நாட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட கவுண்டிகளில், அதாவது ஜில்லாக்களில், பிரசவ ஆஸ்பத்திரியோ பிரசவ வைத்தியரோ மருத்துவச்சியோ அறவே இல்லை என்று 2024ல் கணக்கெடுத்து வெளியிட்டவர்கள் அவர்களேயாவார்கள். ஒருநாள் விருந்தால் இத்தனை ஜில்லாக்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாதா?

மற்றொன்றும் பாருங்கள். அந்நாட்டில் பத்துப் பிரசவத்தில் சுமார் நான்குக்குப் பணம் கொடுப்பது மெடிக்கெய்டு என்னும் ஏழைகளுக்கான சர்க்கார் வைத்தியத் திட்டம். கர்ப்பத்தின் நிமித்தம் அதில் சேர்ந்த தாய்க்குப் பிரசவமாகி 60 நாளோடு உதவியை நிறுத்திக் கொள்ளலாம் என்பது பழைய விதி. சாவோ 60 நாளோடு நிற்பதில்லை. மேலே சொன்ன விசாரணைப்படி, பத்தில் மூன்று சாவு பிரசவமாகி 42 நாள் கழிந்து ஒரு வருஷத்துக்குள் நேருகின்றது. 2021ல் ஒரு சட்டம் வந்து, மாகாணங்கள் விரும்பினால் அதைப் 12 மாதமாக்கிக் கொள்ளலாம் என்றது. பெரும்பாலான மாகாணங்கள் ஆக்கிக் கொண்டன. இதற்கும் அந்த ஸ்தாபனம் வாதாடிற்று என்பதை மனமாரப் பாராட்டுகின்றோம். அட்டை தூக்கிய ஆயிரம் கைகள் செய்ய முடியாததை, சட்டசபையில் தூக்கிய கைகள் செய்தன.

ஆகவே, அந்த விருந்துக்குப் போகின்றவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: ருசியாகச் சாப்பிடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், மறுநாள் காலையில் உங்கள் சட்டசபைப் பிரதிநிதியின் வாசலில் போய் நின்று, சம்பளத்தோடு பிரசவ லீவும், ஜில்லா தோறும் பிரசவ ஆஸ்பத்திரியும், நிறம் பாராத வைத்தியமும் சட்டமாக வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்க வாய் வராதென்றால், நீங்கள் ஏலத்தில் எடுத்தது உங்கள் மனச்சாட்சிக்கு ஒரு தூக்க மருந்தே அன்றி வேறில்லை. பிள்ளை பெறுகின்றவள் பிச்சைக்காரியல்லள். நாளைய உலகத்தைப் பெற்றுக் கொடுக்கின்ற அவளுக்கு உலகந்தான் கடன்பட்டிருக்கின்றது. கடனைத் தீர்ப்பதற்குத் தர்மம் என்று பெயர் வைப்பது ஒருநாளும் நாணயமாகாது என்பதே நமது அபிப்பிராயமாகும்.