பரண் மேல ஒரு கம்ப்யூட்டர்!

உங்க வீட்டுப் பரணை எட்டிப் பாருங்க. மேற்கு மாம்பலத்துல எங்க வீட்டுப் பரண்ல, 2011-ல் தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்துல அக்கா வாங்கினது தூங்கிட்டு இருந்துச்சு. 2 ஜிபி ராம், பாவம்! காயலான் கடைக்குப் போகவிருந்ததைப் பிடுங்கிட்டேன்.

விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட ஓவர். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 இதுல கிடையாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல எஸ்.எஸ்.டி-யும் இன்னொரு 2 ஜிபி ராமும் வாங்கி மாட்டி, லினக்ஸ் மின்ட் ஏத்தினேன். இழுத்தடிச்ச வில்லன் பழைய ஹார்ட் டிஸ்க்தான், புராசஸர் நிரபராதி! காமெடி என்னன்னா, அக்கா வாங்கினப்பவே சி-டாக்கோட பாஸ் லினக்ஸ் அதுல இருந்துச்சாம். யாரும் தொடலை.

புது சிப் வந்தா விடிய விடிய படிக்கிற ஆளு நான். ஆனா, லேப்டாப் வாங்க வசதியில்லாத எதிர்வீட்டு டிப்ளமோ தம்பி, இப்ப இதுலதான் சி புரோகிராம் போடறான். பேட்டரி மட்டும் அவுட். கரன்ட் போனா அவன் போடற கத்தல் எங்க வீடு வரைக்கும் கேட்குது!