ஜீப்புக்கு வயசு ஒரு குறையா?

கோயம்புத்தூரிலிருந்து தீபாவளிக்கு வந்த தம்பி மகன், வாசலில் நின்ற என் ஜீப்பை இரண்டு முறை சுற்றி வந்தான். "பெரியப்பா, இத ரெண்டு மாசம் எங்கிட்ட விடுங்க. 31 இஞ்சு டயர், மூணு இஞ்சு லிஃப்ட், முன்னாடி கம்பி பம்பர், மேல எல்இடி லைட்டு. பாக்குறவன் அசந்துருவான்" என்றான்.

"பாக்குறவன் அசந்து என்னப்பா ஆகப்போகுது. பிரேக்கு அசராம இருந்தாப் போதும்" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

வண்டி மஹிந்திரா எம்எம் 540, 1989 மாடல். 1998-ல் அரசாங்க ஏலத்தில் எடுத்தேன். போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. ஏலத்தில் எடுத்து ஏலக்காய்க்கு ஓட்டிய வண்டி என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின், நாலு கியர், நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பட்டை. மார்கழிக் காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை சாவியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கிலோமீட்டர் மீட்டர் ஐந்து இலக்கம்தான். இரண்டு தடவை முழுச் சுற்று வந்து, மூன்றாவது சுற்றில் நாற்பதாயிரத்தைத் தாண்டியபோது கேபிள் அறுந்தது. அப்புறம் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

2003 ஐப்பசி. நல்ல மழை. தோட்டத்தில் காய் எடுத்து முடிந்து, சாயங்காலம் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பின்னால் நான் கூடுதலாக வெல்டிங் வைத்துப் போட்டிருந்த பெஞ்சையும் சேர்த்துப் பதினான்கு பேர். எல்லோரும் பெண்கள், இரண்டு பேர் மடியில் பிள்ளைகள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், தரையைத் தொட்டது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று கியரை இறக்கினேன். இன்ஜின் அலறியது.

"வாத்தியாரய்யா, என்ன இப்பிடி உறுமுது?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். கைபிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி வண்டியைச் சாய்த்து நிறுத்தினேன். வலப்பக்கம் பள்ளம். யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. இறங்கியதும் எனக்குத்தான் கால் நடுங்கியது.

மறுநாள் மிஸ்திரி டிரம்மைக் கழற்றினார். லைனிங் தேய்ந்து ரிவெட் தெரிந்தது. பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மூன்று வருஷமாக மாற்றவில்லை. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும், ஆயிலில் சேர்ந்த நீர் ஆவியாகும். மிதித்தால் ஆவிதான் அமுங்கும், லைனிங் நகராது. இதையெல்லாம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் பாடமாக நடத்தியவன் நான். அதே வருஷம் சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் ஆறாயிரம் ரூபாய் செலவழித்தவனும் நான்தான். வண்டியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அந்தப் பெஞ்சை அன்றைக்கே அறுத்து எடுத்துவிட்டேன். ஆர்சி புத்தகத்தில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர். இருபது வருஷத்துக்கு மேலாக என் ஜீப்பில் நான் செய்த பெரிய மாற்றம் அதுதான்.

அதனால்தான் தம்பி மகனிடம் முடியாது என்றேன். பெரிய டயர் போட்டால் சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். கியர் பிடித்து இறங்கும்போது இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் பலம் குறையும், பழைய டிரம் பிரேக்குக்குச் சுமை கூடும். மீட்டரில் 40 காட்டும்போது நிஜத்தில் அதற்கு மேலே போய்க்கொண்டிருப்போம். கிங்பின்னும் பேரிங்கும் சீக்கிரம் ஆட்டம் காணும். வண்டியை உயர்த்தினால் வளைவில் சாயும். நம்ம ஊரில் மணல்மேடும் கிடையாது, சேற்று ஆறும் கிடையாது. இங்கே வேண்டியது இறக்கத்தில் நிற்கிற வண்டி.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பக்கக் கம்பி பம்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில், பக்கத்துக் கேரளத்திலிருந்து போன வழக்கில், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் எனக்குச் சம்மதம்.

சம்மதமில்லாதது வயசுக் கணக்கு. டெல்லிப் பக்கம் டீசல் வண்டிக்குப் பத்து வருஷம் என்று கெடு வைத்தார்கள். அங்கே புகைப் பிரச்சினை, சரி. இங்கே பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் கட்டணம் 600 ரூபாய், 2024-ல் 5,000 கட்டினேன். பழைய வண்டியைக் கவனமாகப் பார்க்கட்டும், நானே வேண்டுகிறேன். ஆனால் வயசைப் பார்ப்பவர்கள் பாரத்தையும் பார்க்க வேண்டாமா?

விடிகாலையில் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் போய் நின்று பாருங்கள். பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு எஸ்டேட்டுகளுக்குப் போகிற ஜீப்புகளில் தூக்குவாளியோடு நம் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். சில வண்டிகள் என் ஜீப்பைவிடப் பத்து வருஷம் இளையவை. 2003-ல் நான் செய்ததைத்தான் அவையும் செய்கின்றன. ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயனில்லை. தலைக்கு இத்தனை என்று வாடகை பேசினால் அவர் தலையைக் கூட்டத்தான் பார்ப்பார். வண்டிக்கு இவ்வளவு என்று முழு வாடகை கொடுத்து அளவாக ஏற்றச் சொல்ல வேண்டியது தோட்டக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தவன், அதனால் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். காய் விலை ஏறும்போதாவது இதைப் பேசலாம்.

பராமரிப்பு என்று நான் செய்வது கொஞ்சம்தான். பிரேக் ஆயில் வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்னால் மாற்றிவிடுவேன். அப்போதே டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்ப்பேன். மாதம் ஒருநாள் மண்பாதையில் நாலு வீல் டிரைவைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுவேன், இல்லாவிட்டால் லிவர் இறுகிக்கொள்ளும். ஏறின கியரிலேயே இறங்குவேன். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுவேன்.

தம்பி மகனுக்கு முகம் தொங்கிப்போனது. மறுநாள் காலையில் கிரீஸ் கன்னைக் கையில் கொடுத்து, பழைய சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் போகச் சொன்னேன். முக்கால் மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பெரியப்பா, முன்னாடி ஒரு நிப்பிள்ல கிரீஸே ஏற மாட்டேங்குது. அடைச்சிருக்கு."

"கழட்டி டீசல்ல ஊறப் போடு. அப்பிடியே எதுத்த பக்கத்தையும் பாரு" என்றேன்.