கண்டி வாழ்ந்தது கணவாய்களால்

கண்டியைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் முதலில் மலையைத்தான் காட்டுவார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. தெற்கே ஹந்தானைத் தொடர், மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலைக் காடு, தொலைவில் நக்கிள்ஸ் மலைகள், மூன்று பக்கமும் வளைந்தோடும் மகாவலி. இயற்கையே கட்டிக்கொடுத்த கோட்டை என்பது வழக்கமான வர்ணனை. கோட்டை இராச்சியம் 1597 இலும் யாழ்ப்பாண இராச்சியம் 1619 இலும் போர்த்துக்கேயர் கைக்குப் போன பிறகும் கண்டி 1815 வரை தாக்குப்பிடித்ததற்கு இந்த நில அமைப்பே காரணம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதில் பொய்யில்லை, ஆனால் அது பாதிக் கதை. மலை கண்டிக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்ததே தவிர, சோறு போட்டது கணவாய்கள்தான். வெளியிலிருந்து வந்த உப்பும் துணியும், வெளியிலிருந்து வந்த மனிதர்களும் இல்லாமல் இந்த நகரம் ஒரு தலைமுறைகூட நின்றிருக்காது. மூடிய மலைக்குள் தனித்து வளர்ந்த தூய நகரம் என்ற படத்தை வைத்துக்கொண்டு கண்டியின் மரபைப் பாதுகாக்கப் புறப்பட்டால், மரபின் பெரும்பகுதியை நாமே வெளியே தள்ளிவிடுவோம்.

கோட்டை என்பதிலிருந்தே தொடங்கலாம். ஜப்பானின் ஹிமெஜி, கனசாவா போன்ற கோட்டை நகரங்களில் அகழியும் கல்மதிலும் கோபுரமும் நகரத்தின் நடுவே எழுந்தன; கோமானின் படைவீரர்களும் வணிகர்களும் தத்தம் வரிசைக்கேற்ப அதைச் சுற்றிக் குடியமர்த்தப்பட்டார்கள். கண்டியில் அப்படியொரு மதில் இல்லை. காவல் முழுவதும் நகரத்துக்கு வெளியே, பலனைக் கணவாய் போன்ற இடங்களிலும், பாதைகளை மறித்த முட்கதவுகளிலும் இருந்தது. 1660 ஆம் ஆண்டளவில் பிடிபட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், இந்த முட்கதவுகளையும், ஒருவர் பின் ஒருவராகவே நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதைகளையும் விவரித்திருக்கிறார். எதிரி வந்தால் நகரத்தைக் காலிசெய்துவிட்டு மன்னர் உள்ளே போய்விடுவார். பசியும் காய்ச்சலும் மழையும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். 1594 இல் தந்துரையில், 1630 இல் ரந்தெனிவெலவில், 1638 இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயத் தளபதிகள் இப்படித்தான் படையோடு அழிந்தார்கள். 1765 இல் டச்சுக்காரர் நகருக்குள் புகுந்தும் நிலைக்க முடியவில்லை. 1803 இல் ஆங்கிலேய மேஜர் டேவியின் படை வட்டாபுளுவவில் மகாவலியைக் கடக்க முடியாமல் மாண்டது. அதாவது கண்டி நகரம் பலமுறை விழுந்திருக்கிறது. விழாமல் நின்றது கண்டி நாடு. அந்த வெற்றிகளிலும் வெளியாட்களின் பங்கு உண்டு. போர்த்துக்கேயர் கூட்டிவந்த சிங்கள லஸ்கரின் வீரர்கள் சண்டைக்கு நடுவே கட்சி மாறியிராவிட்டால் தந்துரையும் ரந்தெனிவெலவும் வேறு விதமாக முடிந்திருக்கும். கண்டி மன்னர் முதலாம் விமலதர்மசூரியனே போர்த்துக்கேயரிடம் வளர்ந்து, டொன் ஜுவான் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று, அவர்களுடைய போர்முறையைக் கற்றுக்கொண்டு வந்தவர்தான்.

மலைநாட்டில் விளையாத பொருள் உப்பு. நெல் விளைந்தது, பாக்கு, மிளகு, ஏலம் காட்டிலும் தோட்டத்திலும் கிடைத்தன, கடலைத் தொடாமல் உப்புக் கிடைக்காது. புத்தளத்திலிருந்தும் அம்பாந்தோட்டைப் பக்கத்து லேவாயா எனப்படும் உப்பேரிகளிலிருந்தும் உப்பும் கருவாடும் துணியும் மலையேறின, பாக்கும் மிளகும் கீழிறங்கின. சுமந்தவை தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகள். அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கரையோரத்தில் போர்த்துக்கேயரும் பின்னர் டச்சுக்காரரும் நெருக்கியபோது கண்டி மன்னர்கள் இடங்கொடுத்து உள்நாட்டில் குடியமர்த்தியவர்களின் வழிவந்தவர்களும் அவர்களில் உண்டு. பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்று மடிகே பத்த என்ற தனித் திணைக்களத்தையே அரசு வைத்திருந்தது என்றால் அதன் முக்கியத்துவம் விளங்கும். 1766 உடன்படிக்கையில் டச்சுக்காரர் தீவின் கரையோரம் முழுவதையும் ஒரு பட்டையாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் கண்டியர் கரையோர உப்பளங்களில் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமையை அந்தப் பத்திரத்திலேயே எழுத வேண்டியிருந்தது. ஆயுதத்தால் வெல்ல முடியாத நாட்டை உப்பை நிறுத்தி வழிக்குக் கொண்டுவரலாம் என்பது அரசவைக்கும் தெரியும், டச்சுக் கம்பனிக்கும் தெரியும். முற்றிலும் மூடிக்கொண்ட கண்டி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பொருளைவிட மனிதர்களின் வரவு இன்னும் ஆழமானது. பேராதனைக்கு மேற்கேயுள்ள கடலாதெனிய விகாரையை 1344 இல் கட்டியவர் கணேசுவராச்சாரி என்று அங்கேயுள்ள கல்வெட்டு சொல்கிறது. தென்னிந்தியச் சிற்பியின் கை அந்தத் தூண்களில் கண்ணுக்குத் தெரியும். மதுரையிலிருந்து அரசிகள் வந்தார்கள். அரசியரோடு வந்த உறவினர் குமாரப்பே வீதியில் வாழ்ந்தார்கள். வாரிசு இல்லாமல் போனபோது 1739 இல் அரியணையே நாயக்கர் வழிக்கு வந்தது. அந்த வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான், அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற பிக்குகளின் உயர் துறவேற்பு மரபை மீட்க 1753 இல் சயாமிலிருந்து உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் வந்தார்கள். அவர்களை ஏற்றிவந்தது டச்சுக் கம்பனியின் கப்பல். எசல பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லான தலதாவின் பேழை முதன்மை பெற்றதும் இதே மன்னர் காலத்தில். அதன் பின்னே இன்றும் வரிசையாக வருபவை நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள். முருகனும் கண்ணகியும் கலந்துகொள்ளாத பெரஹரா கண்டியில் கிடையாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிடக்கூடாது. வெளியிலிருந்து வந்த அரச வம்சத்தால்தானே இராச்சியம் அழிந்தது, பிரதானிகள் அந்நிய மன்னரை ஏற்காததால்தானே ஆங்கிலேயரை அழைத்தார்கள் என்பது அந்த மறுப்பு. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கொடுமை செய்தது உண்மை. கண்டி வாவியும் அதன் கரைச் சுவரும் குடிகளின் கட்டாய உழைப்பில் எழுந்தவை. மேகம் போல் அலையலையாக ஓடும் அந்த வெள்ளைச் சுவரில், இரவில் விளக்கு வைப்பதற்காக முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. சுவரோ வாவியை முழுதும் சுற்றாமல் பாதியில் நின்றுவிடுகிறது. மன்னரின் ஆசைக்கும் குடிகளின் சலிப்புக்கும் இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஆனால் பிறப்புத்தான் பிரச்சினை என்று சொல்ல 1760 இடம்கொடுக்கவில்லை. கீர்த்தி ஸ்ரீயைக் கவிழ்க்கச் சதி செய்தவர்கள் அவருக்குப் பதிலாக அரியணையில் ஏற்ற நினைத்தது ஒரு சயாம் இளவரசரை. 1815 இல் கண்டியை வீழ்த்தியது பிரதானி எஹெலபொலவுக்கும் மன்னருக்கும் மூண்ட பகையும், பிரதானிகளுக்கிடையே இருந்த போட்டியும், அவற்றை ஆண்டுக்கணக்காக ஊதிப் பெருக்கிய ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலியின் ஒற்றர் வேலையும். பெப்ரவரி 18 இல் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2 இல் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அரச குலத்து ஆண் உறவினர் எவரும் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் நுழையக்கூடாது என்று அதில் எழுதினார்கள். கண்ணுசாமியாகப் பிறந்த மன்னர் 1832 இல் வேலூரில் சிறைக் கைதியாகவே இறந்தார்.

நாயக்க அரச குலத்துக்கு இப்படிக் கதவடைத்த அதே ஆட்சிதான், சில ஆண்டுகளில் தமிழ்த் தொழிலாளருக்காக அந்தக் கதவைத் திறந்தது. பீரங்கி செய்யாததைப் பாதை செய்தது. தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில், 1820 முதல், கிராமத்தவரின் ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பைக் கொண்டே கடுகண்ணாவை வழியாகக் கொழும்பு வீதி வெட்டப்பட்டது. முன்னோர் காவல் காத்த மலையைப் பேரப்பிள்ளைகளே உடைக்க வேண்டிவந்தது. 1820 களில் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். அதன்பின் பற்றிப்படர்ந்த கோப்பிக்கு ஆள் தேடிக் கங்காணிகள் தமிழகத்துக்குப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வறண்ட காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களின் எண்ணிக்கையில் இன்றும் உடன்பாடில்லை, விழுந்தார்கள் என்பதில் ஐயமில்லை. 1867 ஒரே ஆண்டில் கண்டிக்கு ரயிலும் வந்தது, ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையும் நட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கண்டி நகரத்து வங்கிகள், மொத்தக் கடைகள், விடுதிகள், களஞ்சியங்கள் எல்லாம் இந்தத் தோட்டப் பொருளாதாரத்தைச் சுற்றி வளர்ந்தவை. தலைநகர் என்ற பதவியை இழந்த ஊர் வெறும் யாத்திரைத் தலமாகச் சுருங்கிவிடாமல் மலையகத்தின் சந்தை நகரமாக நிமிர்ந்தது அந்த நடைபாதையில் வந்தவர்களின் உழைப்பால். அவர்களின் சந்ததியைத்தான் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலி மிகுந்தது. கணவாய் வழியாக அழிவும் வந்திருக்கிறது. 1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகள் வெடிமருந்து ஏற்றிய லொறியைத் தலதா மாளிகை வாசலில் வெடிக்க வைத்தார்கள், பொதுமக்கள் இறந்தார்கள், பௌத்தர்களின் நெஞ்சில் அது இன்றும் ஆறாத புண். தமிழில் எழுதும் எவரும் அதைக் குற்றம் என்று தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, எரித்தவர்கள் கணவாய்க்கு அப்பாலிருந்து படையெடுத்து வந்த அந்நியர் அல்லர். எரிந்தவையோ, ஒரு காலத்தில் இந்த மலைக்கு உப்புக் கொண்டுவந்தவர்களின் சமூகத்துக்குச் சொந்தமானவை. யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போடும் வரலாறு வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை, தெருவுக்கும் வருகிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த அச்சமே.

1988 இல் யுனெஸ்கோ கண்டியைப் புனித நகரமாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது தகுந்த பெருமை. சந்தையையும் தோட்ட லயத்தையும் கொண்டுவந்து சேர்த்தால் அந்தப் புனிதம் நீர்த்துப்போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கனசாவாவைப் பார்க்கட்டும். அங்கே கோட்டையின் பெரும்பகுதி 1881 தீயில் போய்விட்டது. பிறகு நெடுங்காலம் அந்த வளாகத்தில் பல்கலைக்கழகம் இயங்கியது. ஆனால் படைவீரர் தெரு, கோயில் தெரு, ஆடல்மகளிர் தெரு, தங்க இதழ் அடிக்கும் பட்டறை என்று கோட்டையைச் சுற்றி வாழ்ந்த எல்லோருடைய இடங்களையும் பேணியதால் நகரம் இன்றும் அதில் சம்பாதிக்கிறது. கண்டியில் பழமை குறித்த அக்கறை மாளிகைச் சுற்றாடலில் குவிந்திருக்க, சுற்றியுள்ள சரிவுகளில் கட்டடங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. 2020 செப்டம்பரில் பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து ஒரு கைக்குழந்தையையும் பெற்றோரையும் கொன்றது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் ஊருக்குள் கொழும்பு, மாத்தளை, மஹியங்கனை வீதிகளின் வாகனங்கள் அத்தனையும் வந்து முட்டி, புகை பள்ளத்தாக்கிலேயே தங்குகிறது. மலையையும் பாதையையும் சேர்த்துப் பார்க்காத திட்டத்தின் விளைவு இது.

ஆகவே மத்திய கலாசார நிதியத்திடமும் தொல்பொருள் திணைக்களத்திடமும் கண்டி மாநகர சபையிடமும் கேட்பது இவ்வளவுதான். பலனையையும் கடுகண்ணாவையையும் கன்னொறுவையையும் மாளிகையோடு சேர்த்து ஒரே மரபுரிமைத் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். தவளப் பாதைகளையும் மன்னாரிலிருந்து மாத்தளை வழியே வந்த நடைபாதையையும் அளந்து, ஆவணப்படுத்தி, சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை நாட்டுங்கள். நாயக்க அரசர்களின் கதையையும், உப்பு சுமந்த முஸ்லிம்களின் கதையையும், தோட்டத் தொழிலாளரின் கதையையும் தலதா மாளிகைக்கு வரும் பள்ளிப்பிள்ளைகள் அங்கேயே கேட்கட்டும். நடைபாதையை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் மாத்தளையிலும் ஹேவாஹெட்டவிலும் இன்னும் சில இருக்கக்கூடும். அந்த முதியவர்களிடம் போய்ப் பதிவுசெய்யும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.