வீட்டுக்கு இன்னொரு ரம்பம்!

“ஏற்கெனவே வீட்ல ஒரு ரம்பம் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?” என்றாள் மனைவி, என்னையே பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரி நான். போன மாதம், ஸ்டூலுக்காக அறுத்த தேக்குப் பலகையை, பழைய டேபிள் ரம்பம் என் வயிற்றைப் பார்த்தே திருப்பி எறிந்தது. அரை அங்குலத்தில் விரல் தப்பியது.

கடையில் கெத்தாக, “எத்தனை குதிரை சக்தி?” என்றேன். துணைக்கு வந்த நிஜ ஆசாரி சிரித்தார். “குதிரை கிடக்கட்டும் சார். பிளேடுக்குப் பின்னால, அதோடவே ஏறி இறங்கற தகடு இருக்கா பாருங்க. அறுத்த இடம் மூடி பிளேடைக் கவ்வினா பலகை பாயும். மூடவிடாம தகடு பார்த்துக்கும். பக்கச் சட்டமும் பிளேடுக்கு இணையா நிக்கணும்.”

வாங்கிவிட்டேன். ஸோபா பட்ஜெட் காலி. பரவாயில்லை... பி.காம். மூளை கணக்கெழுதிவிட்டது: சொத்து - விரல்கள் 10!