நினைவு தப்பிய பின் ஒரு கைநாட்டு

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. சுற்றிலும் கரிசல். இப்பகுதியில் நிலம் என்பது வெறும் சொத்தல்ல, மனிதரின் முகவரி. கரிசல் எழுத்தை வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நிலத்துக்கு உரியவர் நினைவு தப்பிக் கட்டிலில் கிடக்கையில் அந்த வீட்டில் என்ன நிகழ்கிறது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

மைப்பெட்டி வருகிறது. யாரோ ஒருவர் அவருடைய பெருவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்துகிறார். இதில் பேராசை உண்டு. எல்லாமே பேராசை என்று சொல்லிவிட முடியாது. கணவரின் வைத்தியத்துக்கு அவர் பணத்தையே எடுக்க வழியில்லாத மனைவியும் இதைத்தான் செய்ய நேர்கிறது. நேர்மையானவரையும் கள்ள வழியில் நடக்க வைப்பதே இன்றைய சட்டத்தின் பெருங்குறை என்று நினைக்கிறேன்.

நல்ல நினைவோடு இருந்தபோதே மனைவிக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவில், எழுதித் தந்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்கிறது. எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாளிலேயே பத்திரம் செத்துவிடுகிறது.

பிற சட்டங்களும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவே காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே. முதுமை மறதியும் கோமாவும் அதன் கணக்கில் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் நோயாளியின் சொத்தை நிர்வகிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை விட்டுவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உரியவரோடு கலந்தே முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளரைப் பற்றிப் பேசுகிறது. உயர்ந்த கருத்துதான். கண் திறவாதவரோடு எப்படிக் கலந்து பேசுவது?

எஞ்சுவது உயர் நீதிமன்றம். கோமா நோயாளிகளுக்குக் காப்பாளர் நியமிப்பது குறித்து 2019இல் கேரள உயர் நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டில், கோமாவிலிருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக்கி, அவரது சொத்தை விற்கவும் அனுமதித்தது. மனிதநேயமுள்ள தீர்ப்பு. ஆயினும் கல்லுப்பட்டிப் பெண்ணொருத்தி, படுக்கையில் கிடப்பவரை விட்டுவிட்டு, மதுரையையும் தாண்டி ஒத்தக்கடையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளைக்கு எத்தனை முறை பேருந்து ஏற முடியும்?

தேவைப்படுவது இரண்டு. ஒன்று, நினைவு தப்பிய பின்னும் உயிரோடிருக்கும் அதிகாரப் பத்திரம். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2010 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நமக்கும் இது புதிய தத்துவமன்று; தனக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே தருகிறது. சிகிச்சைக்கு ஏற்றுக்கொண்டதை நிலத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் ஏன் மறுக்க வேண்டும்? இரண்டு, அப்படி எழுதிவைக்காதவர்களுக்காக மாவட்ட அளவிலேயே காப்பாளரை நியமிக்கும் அமைப்பு. பெற்றோர் பராமரிப்புக்கென 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்ட அளவில் தீர்ப்பாயம் வைக்க முடிந்த அரசுக்கு இது இயலாத காரியமன்று.

பறிக்க நினைப்பவருக்கு இது இன்னொரு கருவியாகாதா என்று சிலர் அஞ்சுவர். நியாயமான அச்சமே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்கலாகாது. அவர்களும் பராமரிப்பில் இருந்தவர்கள்தாம். பராமரித்தவர்களை யாரும் கணக்குக் கேட்கவில்லை. ஆகவே மருத்துவச் சான்று, உறவினரல்லாத சாட்சி, ஆண்டுதோறும் கணக்கு, எவரும் முறையிடும் வழி ஆகியவை கட்டாயமாக வேண்டும். மைப்பெட்டியை யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பதையும் அஞ்சுபவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டம் அறிந்த நண்பர்கள் இதை மறுத்தோ வளர்த்தோ எழுத வேண்டும்.